கூரையை அளந்து கட்டர் போடுவோம்

ஒரு கிலோ துவரம் பருப்பு நிறுக்கும்போது தராசில் இரண்டு கிராம் கூடக் காட்டினால் நம் கை தானாகப் போய் நாலு பருப்பைக் கிள்ளி எடுத்துவிடும். மூட்டை பிரித்தால் கோணிக்கு எவ்வளவு கழிவு, மிளகாய் வற்றல் எத்தனை நாளில் எவ்வளவு எடை குறையும், வெல்லம் எந்த மாதத்தில் இளகும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். அளவும் எடையும்தான் நம் பிழைப்பு. ஆனால், "உங்கள் கூரை எத்தனை சதுர அடி? அதில் விழும் மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது? அந்த வழி போதுமா?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? சென்ற ஆண்டு ஐப்பசி வரைக்கும் என்னாலும் முடியவில்லை. அதற்குப் பதினொரு மூட்டை சீனியை விலையாகக் கொடுத்தேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கூரையின் இறவாரத்தில் மழைநீரை ஏந்திக்கொள்ள ஒரு தகர வாய்க்கால் போடுகிறோம். பட்டறைகளில் அதைக் 'கட்டர்' என்கிறார்கள். அது எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்பதைக் கூரையின் பரப்பும் மழையின் வேகமும்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டறையில் தயாராகக் கிடக்கும் அளவோ, பக்கத்து வீட்டுக்காரர் போட்ட அளவோ முடிவு செய்யக் கூடாது.

நடந்தது இதுதான்

முன்பக்கம் கடை, பின்பக்கம் சரக்கு அறை, மேலே குடித்தனம். நம்மவர்கள் பலருடைய வீடு எப்படியோ அப்படித்தான் என்னுடையதும். மேல் மாடிக்கு முன்பு சீமை ஓடு வேய்ந்திருந்தது. நடுவில் முகடு, தெருப்பக்கம் பாதி, கொல்லைப்பக்கம் பாதி என்று இரண்டு சாய்வு. குரங்குத் தொல்லையால் ஓடு உடைவதும் மாற்றுவதுமாக அலுத்துப்போய், ஓட்டைப் பிரித்துவிட்டு ஷீட் போட்டோம். தெருப்பக்கம் தண்ணீர் கொட்டினால் மழை நேரத்தில் வாடிக்கையாளர் படியேற மாட்டார் என்று, முழுக் கூரையையும் கொல்லைப்பக்கமே சாய்த்துப் போடச் சொன்னேன். அது என் யோசனைதான்.

கொல்லைப்பக்கத்துப் பழைய கட்டர் துருப்பிடித்திருந்தது. புதிதாகவே போட்டுவிடலாம் என்றேன். "என்ன அளவு அண்ணாச்சி?" என்று பட்டறைக்காரர் கேட்டார். "பழசு எப்படி இருந்ததோ அப்படியே போடுப்பா" என்றேன். அவரும் 4 அங்குலக் கட்டர் செய்து, பழைய இரண்டரை அங்குலக் குழாயிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு மூட்டிலும் ஒழுகல் இல்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி. மழை பிடித்து அரை மணி நேரம் ஆகியிருக்காது. கட்டர் நிரம்பி, தண்ணீர் முழு நீளத்துக்கும் சுவரோடு வழிந்து, சரக்கு அறையின் வெண்டிலேட்டர் வழியாக உள்ளே இறங்கியது. சுவரை ஒட்டி அடுக்கியிருந்தது சீனி. காலையில் அட்டியின் அடி மூட்டைகள் கரைந்து பாகாக நின்றன. "மழை ஜாஸ்தி, என்ன செய்ய முடியும்?" என்று துக்கம் விசாரித்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். கட்டடப் பொறியாளராக இருக்கும் உறவினர் ஒருவர்தான், "கூரை எத்தனை சதுர அடி?" என்று கேட்டார். விழித்தேன்.

முன்பு 20 அடி அகலக் கூரையில் பத்தடிதான் கொல்லைப்பக்கம் வடிந்தது. 30 அடி நீளத்துக்கு 300 சதுர அடி. இப்போது மொத்தம் 600 சதுர அடியும் அங்கேதான் வடிகிறது. கூரையை மாற்றினேன், கட்டரை மாற்றவில்லை. மழை மீது பழி போட எனக்கு உரிமை இல்லை.

நஷ்டம் அதோடு நிற்கவில்லை. 2017இல் வந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவுப்படி, அழிந்துபோன சரக்குக்கு நாம் எடுத்திருந்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கும் போய், வரியும் போகும். நனைந்த பருப்பைக் காயவைத்து விற்றுவிடலாம் என்று நினைப்பவர்கள் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தரச் சட்டத்தை நினைவில் கொள்ள வேண்டும். நிலக்கடலை போன்ற சரக்கில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு உண்டாகும். காயவைத்தாலும் வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. நம்மை நம்பி வாங்குகிறவர் வயிற்றுக்குள் போகிற பொருள் அது.

எண்ணெய் டின் கணக்கு

இந்தக் கணக்கு கடினமானதல்ல. நம் கடையிலேயே இருக்கும் 15 கிலோ எண்ணெய் டின்னை வைத்துப் போட்டுவிடலாம்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். மழை மணிக்கு 100 மி.மீ., அதாவது 4 அங்குல வேகத்தில் பெய்வதாக வைத்துக்கொள்வோம். 100 சதுர அடிக் கூரையில் நிமிடத்துக்குப் பதினைந்தரை லிட்டர் விழும். ஏறக்குறைய ஓர் எண்ணெய் டின். இதுதான் அடிப்படை: நூறு சதுர அடிக்கு நிமிடத்துக்கு ஒரு டின். என் 600 சதுர அடிக்கு நிமிடத்துக்கு ஆறு டின். ஆறு ஆட்கள் மாடியில் வரிசையாக நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு டின் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டே இருப்பதாக நினைத்துப் பாருங்கள்.

"மணிக்கு 4 அங்குலம் என்பது அதிகம் இல்லையா?" என்று சிலர் கேட்கலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை மறந்திருக்க மாட்டோம். அதையே 24ஆல் வகுத்தால் மணிக்கு 4 சென்டிமீட்டர்தான் வருகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் பெய்த 49 சென்டிமீட்டரை வகுத்தால் மணிக்கு 2 சென்டிமீட்டர். அப்படியானால் 10 சென்டிமீட்டர் எதற்கு? மழை நாள் முழுதும் ஒரே சீராகப் பெய்வதில்லை. விட்டு விட்டுப் பெய்யும். நடுவில் ஒரு பத்து நிமிடம் பேய்மழையாக அடிக்கும். நாள் கணக்கு ஏரிக்கும் குளத்துக்கும் வேண்டியது. கட்டருக்கு வேண்டியது அந்தப் பத்து நிமிடக் கணக்கு. என் சீனி கரைந்ததும் அப்படிப்பட்ட நேரத்தில்தான். தீபாவளிக்கு முந்திய நாள் கூட்டத்தை ஆண்டுச் சராசரி வைத்துச் சமாளிக்க முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

இனி எந்தக் கட்டர் எத்தனை டின் தாங்கும் என்று பார்ப்போம். அரைவட்டக் கட்டரை மட்டமாகப் போட்டு, ஒரு முனையில் குழாய் வைத்தால் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் போகும் என்பதற்கு பிரிட்டன் நாட்டுக் கட்டட விதி ஏட்டில் ஓர் அட்டவணை உண்டு. 100 மி.மீ. கட்டருக்கு 0.78 லிட்டர், 125 மி.மீ. கட்டருக்கு 1.37 லிட்டர், 150 மி.மீ. கட்டருக்கு 2.16 லிட்டர். அந்த அட்டவணையைப் போட்டது மணிக்கு 75 மி.மீ. மழைக்கு. மழை நாட்டுக்கு நாடு மாறும். கட்டருக்குள் தண்ணீர் ஓடும் விதி மாறாது. நம் மழைக்கும் நம் டின்னுக்கும் மாற்றினால் இப்படி வரும்:

4 அங்குலக் கட்டர்: நிமிடத்துக்கு 3 டின், அதாவது 300 சதுர அடி.

5 அங்குலக் கட்டர்: 5 டின், 500 சதுர அடி.

6 அங்குலக் கட்டர்: 8 டின், 800 சதுர அடி.

மூன்று, ஐந்து, எட்டு. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். கடலோர ஊர்க்காரர்கள் இதற்கு மேல் ஓர் அளவு கூட்டிப் போடுவது நல்லது.

ஒன்றைக் கவனியுங்கள். நாலு அங்குலத்திலிருந்து ஆறு அங்குலத்துக்குப் போனால் அகலம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது; தண்ணீர் போவதோ ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. தகரம் எவ்வளவு கூடும்? 8 அடிக்கு 4 அடித் தகரத்தை 8 அங்குலப் பட்டையாக நறுக்கினால் 6 பட்டை வரும். அதில் ஓரம் மடித்து 4 அங்குலக் கட்டர் செய்யலாம். 12 அங்குலப் பட்டையாக நறுக்கினால் 4 பட்டை; அது 6 அங்குலக் கட்டருக்கு ஆகும். ஆக, தகரச் செலவு ஒன்றரை மடங்கு, பலன் இரண்டே முக்கால் மடங்கு. கூலி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இப்படி ஒரு பேரம் சரக்கில் வந்தால் நாம் விடுவோமா?

பெட்டி வடிவக் கட்டர் போடுகிறவர்கள் அகலத்தை மட்டும் பார்க்க வேண்டாம். 6 அங்குல அரைவட்டத்தின் உட்பரப்பு 14 சதுர அங்குலம். 5 அங்குல அகலமும் 3 அங்குல ஆழமும் உள்ள பெட்டியின் உட்பரப்பு 15. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆழம் இல்லாத அகலம் கண்ணுக்குத்தான் பெரிது.

கட்டர் பெரிது, குழாய் சிறிது

கணக்கில் பலர் கோட்டை விடுவது குழாயில். பெரிய அண்டாவுக்குச் சின்னப் புனல் வைத்த கதையாக, அகலமான கட்டர் போட்டுவிட்டு இரண்டரை அங்குலக் குழாயில் இறக்குவார்கள். மழைநீர்க் குழாய்க்கு நம் நாட்டுப் பொறியாளர்கள் கையாளும் அட்டவணை, மணிக்கு 100 மி.மீ. மழைக்குச் சொல்வது இது. 65 மி.மீ. குழாய் 12 சதுர மீட்டர் கூரைக்குத்தான் போதும். 75 மி.மீ. குழாய் 20.4 சதுர மீட்டருக்கு. 100 மி.மீ. குழாய் 42.7 சதுர மீட்டருக்கு. நம் கணக்கில் இரண்டரை அங்குலக் குழாய்க்கு 130 சதுர அடி, மூன்று அங்குலத்துக்கு 220, நாலு அங்குலத்துக்கு 460.

130 சதுர அடி தாங்கும் குழாயில் 600 சதுர அடித் தண்ணீரை இறக்கப் பார்த்தேன் நான். கட்டரை மட்டும் பெரிதாக்கியிருந்தாலும் என் சீனி கரைந்துதான் போயிருக்கும். கடையில் 110 மி.மீ. பி.வி.சி. என்று விற்பதுதான் நாம் நாலு அங்குலம் என்று சொல்லும் குழாய்.

குழாய் எங்கே இறங்குகிறது என்பதும் அளவுக்குச் சமமான விஷயம். ஒரு முனையில் மட்டும் குழாய் வைத்தால் மொத்தத் தண்ணீரும் அந்தக் கோடி வரை ஓடி வர வேண்டும். கட்டரின் நீளம் கூடக் கூட அது தாங்கும் அளவும் குறைந்துகொண்டே வரும். இரண்டு முனையிலும் குழாய் வைத்தால், அல்லது நடுவில் ஒரு பெரிய குழாய் வைத்தால், இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். கட்டரை மாற்ற இப்போது வசதியில்லை என்பவர்கள் இன்னொரு முனையில் ஒரு குழாய் கூட்டினாலே நல்ல மாற்றம் தெரியும்.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான போது, அவசர அவசரமாகக் கிடைத்த குழாயை வாங்கித் தொட்டியில் விட்டவர்கள் நம்மில் உண்டு. மேலே நாலு அங்குலம், கீழே தொட்டிக்குப் போகும் இடத்தில் இரண்டு அங்குலம் என்று இருந்தால் தண்ணீர் மேலேதான் எதிர்த்து நிற்கும். தொட்டி நிறைந்தால் உபரித் தண்ணீர் போக வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மொட்டை மாடி வீட்டுக்காரர்கள், "எங்களுக்குக் கட்டரே இல்லையே" என்று இருந்துவிட வேண்டாம். குழாய்க் கணக்கு அவர்களுக்கும் அதுவேதான். 1,000 சதுர அடி மாடிக்கு நாலு அங்குலக் குழாய் மூன்று வேண்டும். ஒரே மூலையில் ஒரு குழாய் வைத்துவிட்டு, மாடியில் தண்ணீர் தேங்கித் தளம் ஊறுகிறது என்று கொத்தனாரைக் குறை சொல்வதில் பயனில்லை.

எது எதெல்லாம் கூரை?

கூரையை அளப்பது என்றால் தரையில் அதன் நிழல் விழும் நீள அகலத்தை அளந்தால் போதாது. மழை நேராக விழுவதில்லை. காற்றோடு சாய்ந்து அடிக்கும். சாய்வுக் கூரையின் முகடு இறவாரத்தைவிட எத்தனை அடி உயரமோ, அதில் பாதியை அகலத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். என் கூரை ஒரு பக்கத்தைவிட மறுபக்கம் 5 அடி உயரம். 20 அடியோடு இரண்டரை அடி கூட்டினால் இருபத்திரண்டரை. 30 அடி நீளத்துக்கு 675 சதுர அடி. அதாவது ஆறே முக்கால் டின். செங்குத்தான ஓட்டுக் கூரைக்கு இது இன்னும் கூடும்.

கடைவீதிக்காரர்கள் பெரும்பாலும் மறப்பது பக்கத்துச் சுவர். நம் கூரைக்கு மேல் பக்கத்துக் கட்டடம் இரண்டு மாடி எழும்பி நின்றால், அந்தச் சுவரில் அடிக்கும் மழை முழுதும் வழிந்து நம் கூரையில்தான் இறங்கும். அந்தச் சுவரின் பரப்பில் பாதியை நம் கூரையாகவே எண்ணிக் கணக்கில் சேர்க்க வேண்டும். "பத்து வருஷமாக ஒழுகாத கட்டர் இந்த வருஷம் வழிகிறதே" என்று திகைப்பவர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்க்கட்டும். பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பியிருக்கும்.

இரண்டு ஷெட்டுகள் சேரும் இடத்தில், இரு சாய்வுக்கும் நடுவே ஓடும் கூடல்வாய் கட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறவாரத்துக் கட்டர் நிரம்பினால் தண்ணீர் வெளியே விழ வழி உண்டு. கூடல்வாய் நிரம்பினால் நேரே குடோனுக்குள்தான், மூட்டையின் மேல்தான். இரு பக்கக் கூரைத் தண்ணீரும் அதில் சேர்வதால் இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். ஒரு ஆள் உள்ளே கால் வைத்து நின்று சருகு அள்ளும்படி ஓரடி அகலத்துக்குக் குறையாமல் போடுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

சில மறுமொழிகள்

"கட்டரே வேண்டாம், தண்ணீர் தானாக விழட்டும்" என்பார்கள் சிலர். சுற்றிலும் சொந்த இடம் உள்ள ஓட்டு வீட்டுக்கு அது சரி. கடைவீதியில் அது நடக்காது. இறவாரத் தண்ணீர் படியில் விழுந்து தெறித்தால் வாசலில் வைத்திருக்கும் மூட்டையும் நனையும், வாடிக்கையாளரும் நனைவார். சுவரின் அடியில் தினமும் அறைந்தால் அஸ்திவாரத்தில் ஈரம் ஏறும்.

"அப்படியானால் எல்லோரும் பெரிதாகவே போட்டுவிடலாமே?" என்றால், அதுவும் கணக்கு இல்லை. 200 சதுர அடிச் சமையல்கட்டுக்கு 6 அங்குலக் கட்டர் போடுவது, நாலு பேர் சமையலுக்குக் கல்யாண அண்டா ஏற்றுவது போலத்தான். கட்டருக்குத் தண்ணீரின் கனமும் உண்டு. 6 அங்குலக் கட்டர் 20 அடி நீளத்துக்கு முழுதாக நிரம்பினால் உள்ளே இருக்கும் தண்ணீர் 54 கிலோ. ஒரு சீனி மூட்டையைத் தூக்கி இறவாரத்தில் தொங்கவிட்ட மாதிரி. மூன்றடிக்கு ஒரு தாங்கி இல்லாமல் பெரிய கட்டர் நிற்காது, நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் நிற்கும், நின்ற இடத்தில் துருப்பிடிக்கும்.

"அளவு சரியாக இருந்தும் வழிகிறதே" என்பவர்கள் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, சருகு. வேப்ப மரத்தடி வீட்டில் 6 அங்குலக் கட்டர் பாதி சருகால் நிறைந்தால் அது 4 அங்குலக் கட்டர்தான். இரண்டாவது, வாட்டம். குழாய் இருக்கும் பக்கம் பத்தடிக்குக் கால் அங்குலமாவது இறக்கம் வேண்டும். மூன்றாவது, விளிம்பு. கட்டரின் வெளிவிளிம்பு சுவர்ப்பக்க விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். எவ்வளவு கணக்குப் போட்டாலும் ஒருநாள் கணக்கை மீறி மழை பெய்யும். அன்றைக்குத் தண்ணீர் சுவர்ப்பக்கம் வழியாமல் வெளிப்பக்கம் வழிந்தால் சரக்கு பிழைக்கும்.

தெரு வெள்ளமாகிக் கடைக்குள் புகும் தண்ணீரை எந்தக் கட்டரும் தடுக்காது. அது நகராட்சி வடிகால் விஷயம். அதற்கு நாம் வேறு விதமாகப் போராட வேண்டும். ஆனால் நம் தலைக்கு மேல் விழும் தண்ணீருக்கு நாமே பொறுப்பு. அதற்கு மனுக் கொடுக்க வேறு ஆள் கிடையாது.

பக்கத்து வீடும் வாடகைக் கடையும்

நிரம்பி வழியும் கட்டர் சரக்கை மட்டும் கெடுப்பதில்லை, உறவையும் கெடுக்கிறது. அடுத்தவர் மனையில் நம் கூரைத் தண்ணீர் விழ உரிமை வேண்டுமானால் அது எழுத்து மூலமாக வர வேண்டும். அல்லது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்து வந்திருக்க வேண்டும். அப்படி உரிமை இருந்தாலும், கூரையைப் பெரிதாக்கி அடுத்தவர் மேல் சுமையைக் கூட்ட அது இடம் கொடுக்காது. வெயிலுக்காக மொட்டை மாடியில் ஷீட் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓரடி ஷீட் வெளியே நீட்டியதால் கோர்ட் வரை போவதைவிட, ஒரு கட்டரும் ஒரு குழாயும் மலிவு.

நம்மில் பலர் வாடகைக் கடைக்காரர்கள். கட்டர் யார் பொறுப்பு என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோமா? கட்டட உரிமையாளர், "கடை நீங்கள் நடத்துகிறீர்கள்" என்பார். நாம், "கூரை உங்களுடையது" என்போம். இந்தப் பேச்சு நடக்கும்போது பருப்பு மூட்டை நனைந்துகொண்டிருக்கும். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: கூரை, கட்டர், மழைநீர்க் குழாய் இவற்றை அமைப்பது யார், சுத்தம் செய்வது யார். கடைக்குக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் பாலிசியில் புயல், மழை, வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். கட்டர் நிரம்பி வழிந்ததைப் பராமரிப்புக் குறை என்று சர்வேயர் எழுதிவிட்டால் பிறகு வாதாடுவது சிரமம்.

பட்டறைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. கேட்டதைச் செய்து கொடுப்பது அவர் தொழில். சரியான அளவைக் கேட்பது நம் கடமை. "ஒரு கட்டர் போடு" என்று சொல்லாமல், "675 சதுர அடி, இரு முனையிலும் நாலு அங்குலக் குழாய், அதற்கு 6 அங்குலக் கட்டர்" என்று சொல்லிப் பாருங்கள். அவரும் மரியாதையாகக் கேட்பார், வேலையும் சுத்தமாக நடக்கும். இரு முனையிலும் குழாய் வைத்தால் கணக்குப்படி 5 அங்குலமே போதும். ஆனாலும் நான் 6 அங்குலமே போட்டேன். பட்ட அடி அப்படி.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். ஆண்டுதோறும் ஆவணி மாதக் கூட்டத்தில் ஒரு கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். ஒவ்வொரு உறுப்பினரும் தம் கூரையின் நீளம், அகலம், சாய்வின் உயரம், பக்கத்துச் சுவர், கட்டர் அளவு, குழாய் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வரட்டும். தெரிந்த பொறியாளர் ஒருவரை அழைத்து உட்கார வைத்து அங்கேயே சரிபார்த்துவிடலாம். குறை உள்ளவர்கள் பத்துப் பேர் சேர்ந்து தகரமும் குழாயும் மொத்தமாக எடுத்தால் விலையும் படியும். புரட்டாசிக்குள் வேலை முடிந்துவிடும். ஐப்பசி பிறந்த பிறகு பட்டறைக்காரரைத் தேடினால் அவரும் கிடைக்க மாட்டார், மழையும் காத்திருக்காது.

இந்த இதழைக் கீழே வைத்ததும் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் வாருங்கள். கூரையை அளந்து, நூறால் வகுத்து, எத்தனை டின் என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. நான் அதைச் செய்திருந்தால் பதினொரு மூட்டை சீனி மிஞ்சியிருக்கும்.